மை பார்த்துப் பிடித்த திருடன்

வீட்டில் திருட்டுப் போனால் கதவில் தாழ்ப்பாள் இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது ஆடு மேய்க்கின்ற நம் ஊர்க் கிழவிக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் பட்டப்படிப்புப் படிக்கின்றவர்களும் அவர்களுக்குப் பாடம் சொல்லுகின்றவர்களும் நிறைந்த ஓர் இடத்தில் திருட்டுப் போனால், அங்கே தாழ்ப்பாளைப் பார்க்காமல் வெற்றிலையைப் பார்க்கின்றார்கள் என்றால், இந்தப் படிப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்கின்றோம்.

நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் சென்ற மாதம் நம்மைத் தேடி வந்தார். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி என்று பிழைக்கின்ற பூமி அது. அந்த ஊர்க் காலனியிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசற்படியை மிதித்தவன் அவருடைய மகன். வெளியூரில் ஒரு கல்லூரி. அதன் விடுதியில் தங்கிப் படித்து வந்தான். ஒருநாள் இரவு அந்த விடுதியில் ஒரு மடிக்கணினியும் இரண்டு கைப்பேசிகளும் களவு போயின.

உடனே என்ன நடந்தது? மாணவர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கின்ற ஒருவனை அழைத்து வந்தார்களாம். அவன் வெற்றிலையில் மையைத் தடவி, விளக்கைக் காட்டி, கண்ணை உருட்டி, "கறுத்த ஆள், தெற்குச் சீமை, பேரில் 'ம' வரும்" என்று சொன்னானாம். அந்த விடுதியில் பாதிப் பேர் கறுத்தவர்கள். முக்கால் பேர் தெற்குச் சீமை. 'ம' வராத பெயரோ தமிழ்நாட்டில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் எல்லோருடைய கண்ணும் ஒரே பையன்மேல்தான் போய் நின்றது. ஏன்? மையிலே தெரிந்ததா? இல்லை. ஜாதிச் சான்றிதழிலே தெரிந்தது!

அவனுடைய தகரப் பெட்டியை உடைத்துப் பார்த்தார்கள். அதில் இரண்டு சட்டையும், தாயார் கொடுத்தனுப்பிய கடலை உருண்டையும் இருந்தனவே தவிர, வேறொன்றுமில்லை. அப்படியிருந்தும் "வெளியே விற்றிருப்பான்" என்றார்கள். விடுதிக் காப்பாளரோ, "போலீசுக்குப் போனால் காலேஜ் பேர் கெட்டுவிடும்; நீ கொஞ்சநாள் ஊருக்குப் போய் இரு" என்று அவனை அனுப்பிவைத்தார். போனவன் திரும்பவில்லை. இன்றைக்குக் கரி மூட்டத்தில் விறகு அடுக்குகின்றான்.

"அய்யா, எம் மகன் கள்ளன் இல்லய்யா. அடுத்தவன் பிஞ்சையில விழுந்து கிடக்கிற வேப்பங்கொட்டையப் பொறுக்கவும் கூசுவான்" என்று அந்த அம்மாள் சொன்னபோது நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. விசாரித்துப் பார்த்ததில், அந்த விடுதியின் பின்புறச் சன்னலுக்கு ஆறு மாதமாய்க் கொக்கி இல்லை என்பதும், பின் வாசல் விளக்கு எரிவதில்லை என்பதும், இரவுக் காவலுக்கு ஒரே ஒரு வயோதிகர்தான் என்பதும் தெரிய வந்தன. கொக்கி இல்லாத சன்னலை ஒருவரும் பிடிக்கவில்லை. நாதியில்லாத பையனைப் பிடித்துக்கொண்டார்கள்.

நிற்க. "மை பார்த்துச் சில சமயம் பொருள் கிடைத்திருக்கின்றதே!" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். கிடைத்திருக்கலாம். பயந்த திருடன் ராத்திரியோடு ராத்திரியாய்ப் பொருளைக் கொண்டுவந்து போட்டிருப்பான். ஆனால் மைக்குப் பயப்படுகின்றவன் திருடுவானேன்? திருடத் துணிந்தவன் மையைக் கண்டு சிரிப்பான். திருடாதவனோ, 'நம் பேரைச் சொல்லிவிடுவானோ' என்று நடுங்குவான். அந்த நடுக்கத்தைக் கண்டு, 'இவன்தான்' என்று தீர்மானிப்பார்கள். ஆகவே மை என்பது குற்றவாளியைக் கண்டுபிடிக்கின்ற கருவியல்ல. பயந்தவனையும் ஏழையையும் கண்டுபிடிக்கின்ற கருவியேயாகும்.

நம் சீமைக்குப் பக்கத்திலேயே கொல்லங்குடியில் வெட்டுடையார் காளி கோயில் இருக்கின்றது. பொருளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே போய்க் காசை வெட்டிப் போட்டுத் திருடனுக்குச் சாபம் கொடுக்கின்றார்கள். அங்கே திருப்தியில்லாதவர்கள் ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் மிளகாயை அரைத்துப் பூசுகின்றார்கள். வெயிலில் வெந்து மிளகாய் விளைவிக்கின்ற நம் ஜனங்களுக்கு அதன் அருமை தெரியும்; கல்லில் பூசினால் கல்லுக்கு எரியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நாம் ஒன்றே ஒன்று கேட்கின்றோம்: திருடனைத் தண்டிக்கும் சாமிகள் குடியிருக்கின்ற கோயில்களில் உண்டியலுக்குப் பூட்டும் சீலும் எதற்கு? அதற்கு மேலே கண்காணிப்புக் கேமரா எதற்கு? சாமியின் பணத்துக்குப் பூட்டு. ஏழைப் பிள்ளையின் மடிக்கணினிக்கு மிளகாயா?

அந்தச் சாமியையே தூக்கிக்கொண்டு போனார்களே, அந்தக் கதையையும் பார்ப்போம். அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் சிலை களவு போய், கடல் கடந்து, 2008ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கப்பட்டது. நடராசர் நெற்றிக் கண்ணைத் திறந்து திருடனை எரித்தாரா? இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பத்திரமாய் வைத்திருந்த பழைய புகைப்படங்கள், "இது ஸ்ரீபுரந்தான் சிலை" என்று ருஜுப்படுத்தின. 2014ல் சிலை திரும்பி வந்தது. கடத்தல் வியாபாரி சுபாஷ் கபூருக்கு 2022ல் கும்பகோணம் கோர்ட்டு பத்து வருஷத் தண்டனை விதித்தது. கடவுளைத் திரும்பக் கொண்டுவரவே படமும் பதிவேடும் போலீசும் கோர்ட்டும் தேவைப்பட்டன. அப்படியிருக்க, விடுதியில் போன கைப்பேசிக்கு மட்டும் மை போதும் என்பது என்ன நியாயம்?

இனி, இதைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகின்றோம். பிறப்பைப் பார்த்துத் திருடன் என்று முத்திரை குத்துவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரச் சர்க்கார் 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைச் செய்தது. அது 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்படி ஒரு ஜாதியில் பிறந்த குற்றத்துக்காகவே மனிதர்கள் கைரேகை கொடுக்க வேண்டும். இரவில் போலீஸ் ஸ்டேஷனில் வந்து படுக்க வேண்டும். கட்டிய மனைவியையும் பெற்ற பிள்ளையையும் விட்டுவிட்டுக் கச்சேரித் திண்ணையில் கிடந்தவர்கள் எத்தனை பேர்! 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் கைரேகை கொடுக்க மறுத்த ஜனங்கள்மேல் துப்பாக்கி வெடித்து உயிர்கள் போயின. நம் இராமநாதபுரம் சீமையிலும் அந்தச் சட்டத்தின் இம்சையை அனுபவித்தவர்கள் உண்டு. 1947ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

அந்த இம்சைப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அந்த விடுதியில் இருந்தார்களாம். அவர்களும் சேர்ந்துதான் காலனிப் பையனுடைய பெட்டியை உடைத்தார்களாம். தன் பாட்டனைப் பிறவித் திருடன் என்று சொன்ன வெள்ளைக்காரனை அயோக்கியன் என்று மேடையில் பேசுகின்றவர்கள், தனக்குக் கீழே ஒருவன் அகப்பட்டால் தாங்களே வெள்ளைக்காரனாகிவிடுவது என்ன யோக்கியதை? சட்டம் போய் எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அது நம் மனத்திலிருந்து போகவில்லையென்றால், அதைச் செய்தது வெள்ளைக்காரன் மட்டுமல்ல; 'தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன்' என்று அவனுக்கு முன்னாலேயே எழுதி வைத்த மனுதர்மமுமேயாகும்.

அடுத்தபடியாக, "காலேஜ் பேர் கெட்டுவிடும்" என்ற கௌரவப் பேச்சைப் பார்ப்போம். திருட்டை மறைத்தால் பேர் காப்பாற்றப்படுமா? அமெரிக்காவில் 1986ல் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொலையுண்டாள். தானாய்ப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்ததால், கொலைகாரன் சுலபமாய் உள்ளே நுழைந்தான். பெற்றோர் விதியென்று அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. போராடினார்கள். அதன் பலனாய் 1990ல் அந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி சர்க்கார் பண உதவி பெறுகின்ற கல்லூரிகள் தங்கள் வளாகத்தில் நடந்த குற்றங்களின் கணக்கை வருஷந்தோறும் அச்சிட்டு வெளியிட வேண்டும். மறைத்தால் அபராதம். இங்கேயோ நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேருந்தின் முதுகில்கூட விளம்பரம். விடுதியில் எத்தனை திருட்டு என்று கேட்டால் வாய்ப்பூட்டு! பின் வாசலுக்குப் போட வேண்டிய பூட்டை வாய்க்குப் போட்டால் திருடன் நிற்பானா?

திருடன் நுழைகின்ற அதே வாசல் வழியாகத்தான் அதைவிடக் கொடியவனும் நுழைகின்றான். 2024 டிசம்பர் 23ந் தேதி இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவன் ஒரு மாணவியைப் பலாத்காரம் செய்தான். அந்த மாணவி வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. தைரியமாய்ப் புகார் கொடுத்தார். 2025 ஜூன் 2ந் தேதி சென்னை மகளிர் கோர்ட்டு, குறைந்தது 30 வருஷம் வெளியே வரமுடியாதபடி அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சாபத்தினால் வந்த தண்டனையா அது? புகாரினாலும் சாட்சியத்தினாலும் வந்தது. ஆனால் அந்த மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்ததையும் மறக்கக் கூடாது. சென்னை ஹைக்கோர்ட்டு அதைக் கண்டித்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. புகார் கொடுப்பவரின் மானத்தைக் காப்பதும் காவலின் ஒரு பகுதியே.

இம்மாதிரி ஏதாவது நடந்தால் வைதீகப் புத்திக்காரர்கள் உடனே சொல்லுகின்ற மருந்து, "பெண்களை ஆறு மணிக்குள் உள்ளே அடை" என்பது. குற்றம் செய்தவன் வெளியே உலாவுகின்றான். குற்றத்துக்கு ஆளானவளை அடைக்க வேண்டுமாம்! திருட்டுப் போன பையனை விட்டுவிட்டு ஏழைப் பையனை விரட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் பலவீனரைத் தண்டித்துவிட்டுக் கதவைத் திறந்தே வைக்கின்றார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? புதிதாய் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2015லேயே எழுதி வைத்திருக்கின்றது: சுலபமாய் ஏற முடியாத சுற்றுச்சுவர், விடுதிக்கு மூன்றுக்கு மேற்படாத வாசல்கள், வாசலுக்குக் குறைந்தது மூன்று காவலர்கள், அவர்களில் ஒரு பெண்ணாவது இருத்தல், கண்காணிப்புக் கேமரா, வெளியாரின் பெயர் எழுதும் பதிவேடு. பிள்ளையைச் சேர்க்கப் போகின்ற பெற்றோர்கள், 'விடுதிக்கு எவ்வளவு கட்டணம்?' என்று கேட்பதோடு நில்லாமல், 'இவைகளில் எத்தனை இங்கே இருக்கின்றன?' என்றும் கேட்க வேண்டும். கட்டணம் கொடுக்கின்றவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அதற்குப் பெயர்தான் சுயமரியாதை.

கைப்பேசி வைத்திருக்கின்ற ஒவ்வொருவரும் இன்றைக்கே *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று தெரியும். அதைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். களவு போனால் போலீஸ் புகாரின் நகலோடு மத்திய சர்க்காரின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், அந்தக் கைப்பேசியை இந்நாட்டில் எந்த சிம் போட்டும் உபயோகிக்க முடியாதபடி முடக்குவார்கள். பெயர் வடநாட்டுப் பெயர்தான். ஆனாலும் வேலை வெற்றிலையைவிட யோக்கியமான வேலை. மடிக்கணினிக்கும் ரசீதையும் வரிசை எண்ணையும் பத்திரப்படுத்துங்கள்.

போலீசார் "இது எங்கள் எல்லை இல்லை" என்று விரட்டினால் பயந்து திரும்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கின்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாய்க் கொடுக்க வேண்டும். பதிய மறுத்தால் ஜில்லா போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதலாம். அங்கேயும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இது எவரும் போடுகின்ற பிச்சையல்ல.

கடைசியாக அந்தப் பையனுடைய விஷயம். ஒரு மடிக்கணினி போனால் இன்னொன்று வாங்கலாம். ஒரு காலனிக்கு முதன்முதலாய்க் கிடைத்த பட்டதாரி போனால் எந்தக் கடையில் வாங்குவது? வேறு எவனோ திருடியது கணினியை மட்டுந்தான். அந்த விடுதியார் திருடியது ஒரு தலைமுறையை. முதல் திருட்டுக்குச் சட்டத்தில் தண்டனை இருக்கின்றது. இரண்டாவது திருட்டுக்கு நாம்தான் பதில் கேட்க வேண்டும்.

அந்த அம்மாளோடு சேர்ந்து கல்லூரி நிர்வாகத்துக்கு எழுத்து மூலமாய்க் கடிதம் கொடுத்திருக்கின்றோம். பையனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவன்மேல் ருஜு ஒன்றுமில்லை என்று விடுதி விளம்பரப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். சன்னலுக்குக் கொக்கி போட வேண்டும் என்று மூன்றே கோரிக்கைகள். மூன்றாவது கோரிக்கைக்குச் செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. மை பார்க்க ஒரு மாணவன் கொடுத்த பணம் அது. பதில் வராவிட்டால் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைத் தோழர்கள் அந்த அம்மாளுக்குத் துணையாய் அந்த வாசலுக்கு நேரில் வரவேண்டும். வரும்போது காசும் வெட்ட வேண்டாம், மிளகாயும் அரைக்க வேண்டாம். ஆளுக்கொரு கேள்வியோடு வந்தால் போதும்.