குரங்குப் பள்ளிக்கூடம்

"குரங்கு கையில் பூமாலை" என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறோம். பூமாலை கிடக்கட்டும். குரங்கு கையில் கல் கிடைத்தால் என்ன செய்யும் தெரியுமா? கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னும்!

நம் ஊர்க் குரங்கைச் சொல்லவில்லை. பிரேஸில் நாட்டின் வடகிழக்கே, பியாவி மாநிலத்தில் வாழும் கபூச்சின் குரங்குகளைத்தான் சொல்கிறேன். அங்கே பனை இனத்து மரங்களின் கொட்டைகள் இரும்பு மாதிரி இருக்கும். பல்லால் கடித்து உடைக்க முடியாது. ஆகவே தாய்க் குரங்கு என்ன செய்கிறது, பாருங்கள். கொட்டையைப் பாறையிலோ, விழுந்து கிடக்கும் மரத்திலோ உள்ள சிறு குழியில் உருளாமல் வைக்கிறது. பிறகு பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, இரு கைகளாலும் கல்லைத் தூக்கி 'ணங்'கென்று போடுகிறது. அதன் எடை சுமார் 2 கிலோ. கல்லோ சராசரி 1 கிலோ! 50 கிலோ எடையுள்ள நாம் 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுவதாக நினைத்துக் கொள்ளுங்களேன்.

இந்த வித்தையைக் குட்டிக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? யாரும் இல்லை! கையைப் பிடித்துக் கற்றுத் தரும் வழக்கமே அங்கே கிடையாது. சத்தம் கேட்டதும் குட்டி ஓடி வருகிறது; பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது; சிதறிய பருப்பைப் பொறுக்கித் தின்கிறது. பெரியவர்கள் எழுந்து போனதும் அந்த இடத்தில் தன் கைவரிசையைக் காட்டுகிறது. வெறும் ஓட்டைப் பாறையில் தட்டும்; கொட்டையே இல்லாமல் கல்லைப் போடும். கொட்டை, கல், பாறை மூன்றும் முறையாகச் சேர்ந்து வர இரண்டு மூன்று வருஷம் ஆகிவிடுகிறது. அதுவரை ஒரு கொட்டைகூட உடையாது. குட்டியும் விடுவதில்லை, பெரியவர்களும் விரட்டுவதில்லை. சொல்லித் தராவிட்டாலும், பொறுத்துக் கொள்கிறார்கள். அதுதான் அங்கே பாடம்.

இது நேற்று முளைத்த பள்ளிக்கூடமும் அல்ல. அதே மாநிலத்தில் ஸெர்ரா டா கபிவாரா என்ற இடத்தில் மண்ணைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள், 3,000 வருஷங்களுக்கு முன் குரங்குகள் கையாண்ட கற்களைக் கண்டெடுத்ததாக 2019-ல் வெளியிட்டார்கள். சுமார் 450 தலைமுறையாக நடந்து வருகிற படிப்பு!

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் என் ஆறு வயதுப் பெண், "அம்மா, நான் ஒரு சப்பாத்தி இடட்டுமா?" என்று கேட்டாள். "மாவை வீணாக்காதே, போய் விளையாடு" என்றேன். போய்விட்டாள். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. கேட்காததை நானும் கவனிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டு, ஒரு உருண்டை மாவும் குழவியும் கொடுத்தேன். ஒரு பக்கம் அப்பளம், மறு பக்கம் அடை என்று ஏதோ ஒன்று வந்தது. அவள் அப்பா ஒன்றும் சொல்லாமல் தின்றார். நானும் திருத்தவில்லை, வாயைக் கட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது!

வட்டம் இன்னும் வரவில்லை. குரங்குக் குட்டிக்கு மூன்று வருஷம் கொடுக்கிறார்களே, என் பெண்ணுக்கு நான் மூன்று ஞாயிற்றுக்கிழமையாவது கொடுக்க வேண்டாமா?