மானைச் சுட்டவன் முகம்

அமெரிக்கத் திரைப்பட நிறுவகம் 2003ஆம் ஆண்டில், ஹொலிவூட் படங்களின் தலைசிறந்த நாயகர்கள் 50 பேரையும் வில்லன்கள் 50 பேரையும் பட்டியலிட்டு வெளியிட்டது. வில்லன்களில் 20ஆவது இடத்தைப் பெற்றவருக்கு முகமில்லை, குரலில்லை. படத்தில் ஒரு கணமேனும் அவர் தோன்றுவதுமில்லை. பட்டியலில் 'மனிதன்' என்று மட்டுமே குறிக்கப்பட்டிருக்கிறது. படம், 1942இல் வோல்ட் டிஸ்னி வெளியிட்ட 'பம்பி'.

எழுபதுகளின் இறுதியில் யாழ்ப்பாணம் ரீகல் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆங்கிலப் படங்களுக்கென்றே பெயர்பெற்ற கொட்டகை அது. அழைத்துச் சென்றவர் சித்தப்பா. உறைந்த குளத்தில் கால்கள் நாலு திசையும் போக வழுக்கி விழும் மான்குட்டியையும், அதற்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் முயலையும் கண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். பனியை அறியாத எங்களுக்கு அது இலவம் பஞ்சாகத்தான் தெரிந்தது. பின்னர் ஒரு வெடிச்சத்தம். மான்குட்டி தாயைக் கூப்பிட்டுக்கொண்டு பனிக்குள் அலைகிறது. நான் சித்தப்பாவின் கையைப் பிடித்தேன். "தாய்மான் எங்கையோ போட்டுது, வரும்" என்றார். படம் முடியும்வரை அது வருமென்று காத்திருந்தேன்.

அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. அண்மையில் ரொறன்ரோவில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது, அவனுடைய ஆறு வயது மகளோடு அமர்ந்து மீண்டும் பார்க்கக் கிடைத்தது. அந்தக் காட்சி நெருங்கியதும் தம்பியின் மனைவி அதனைத் தாண்டி ஓட்டுவதற்காக ரிமோட்டை எடுத்தார். வேண்டாம் என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு மரணத்தை மறைத்துவிடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு எப்போதும் உடன்பாடில்லை. வெடி வெடித்தது. பிள்ளை அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"பெரியப்பா, ஆர் சுட்டது?"

"வேட்டைக்காரர்."

"அவையள் எங்கை?"

"படத்தில அவையளைக் காட்டமாட்டினம்."

"ஏன்?"

எட்டு வயதில் நான் கேட்காத கேள்வி அது. எனக்குத் தாய் வருவாளா என்பதுதான் முக்கியமாக இருந்தது. அவளுக்கோ சுட்டவன் யார் என்பது முக்கியமாகிவிட்டது.

படத்தை உருவாக்கியவர்கள் தெரிந்தேதான் மனிதனை மறைத்தார்கள். தாய்மான் மரக்கட்டையொன்றைத் தாண்டும்போது சுடப்படுவதாக முதலில் ஒரு காட்சி திட்டமிடப்பட்டிருந்தது. அது மிகையென்று கைவிட்டார்கள். தான் மூட்டிய தீயிலேயே மனிதன் கருகிக் கிடப்பதைக் காட்டவும் டிஸ்னி ஆர்வமாயிருந்தார். மனிதனைக் காட்டுவதே இல்லை என்று தீர்மானித்தபோது அதுவும் போயிற்று. மிஞ்சியவை மூன்றே சுரங்கள். அந்த இசை எழுந்தால் மனிதன் காட்டுக்குள் வந்துவிட்டான் என்று பொருள். மான்கள் அறிந்ததெல்லாம் அவ்வளவுதான். கலை என்ற அளவில் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது என்பது என் கருத்து.

அந்தக் காட்டின் தோற்றத்துக்குக் காரணமாயிருந்தவர் டைரஸ் வொங் என்ற சீன ஓவியர். பழைய சீன நிலக்காட்சி ஓவியங்களின் வழியில், சில தீற்றல்களும் மூடுபனியுமாகக் காட்டை வரைந்தார். மற்றையவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத மங்கலில் கிடக்கும். அமெரிக்காவில் சீனர்களைத் தடுக்கும் சட்டம் இருந்த காலத்தில், 1920இல், சிறுவனாக வேறொருவர் பெயரில் வந்திறங்கி, ஏஞ்சல் தீவுத் தடுப்பு நிலையத்தில் தந்தையிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டவர் அவர். படத்தின் எழுத்துக்களில் பின்னணி ஓவியர்களுள் ஒருவராக மட்டுமே குறிக்கப்பட்டார். உரிய பெருமை வந்து சேரும்போது முதுமையும் வந்துவிட்டது. 2016இல் தமது 106ஆவது வயதில் காலமானார். நம்மவர் பலருக்கு இந்தக் கதை விளங்கும்.

இனி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். செய்தி மேசையில் இருந்த காலம் முழுவதும் நாங்கள் எழுதிய சொல் ஒன்றுண்டு: 'இனந்தெரியாதோர்'. இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார். இனந்தெரியாதோரால் கடத்தப்பட்டார். வெள்ளை வானில் வந்த இனந்தெரியாத நபர்கள். மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த தம் வீட்டில் எழுதிக்கொண்டிருக்கையில் சுடப்பட்டார். தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28இல் கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் கிடைத்தார். லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் கொல்லப்பட்டார். இவற்றில் எதற்கும் இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ரீகலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த யாழ் நூலகம் 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்ததற்கும் எவரும் தண்டனை பெறவில்லை.

அந்தச் சொல்லை வாசித்த எவரும் ஏமாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எந்தக் கொலை எவருடையது என்பதைத் தேநீர்க் கடைக்காரர் முதற்கொண்டு அறிந்திருந்தார். எழுதியவர் உயிரோடு வீடு திரும்புவதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அவ்வளவுதான். 'பம்பி'க்கும் இதுவே நிகழ்ந்தது. படம் வெளியானபோது முதலில் சீறியவர்கள் அமெரிக்க வேட்டைக்காரர்கள். 'அவுட்டோர் லைஃப்' என்ற அவர்களது சஞ்சிகை, தங்களை இழிவுபடுத்திவிட்டதாக ஆட்சேபித்தது. திரையில் முகமே இல்லாதவனைத் தாங்கள்தான் என்று அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்!

ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருப்பது வேறு, ஒரு பெயர் பதிவாகியிருப்பது வேறு. பெயரில்லாத கொலைகாரன் காலப்போக்கில் மழை, புயல், சுனாமி போன்ற ஒன்றாகிவிடுகிறான். 'போர்க்காலத்தில் செத்துப்போனார்' என்று இப்போது நம்மவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். படத்திலும் தாயின் இறப்பு முடிந்த கையோடு வசந்தம் வந்து, பறவைகள் பாடத் தொடங்கிவிடுகின்றன. சிறுவயதில் அந்தப் பாட்டு எனக்கு ஆறுதலாயிருந்தது. இப்போது அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. தாய் ஒருத்தி இருந்தாள் என்று அதன் பிறகு எவரும் வாய் திறப்பதில்லை.

மூல நூல் இப்படியில்லை. அதை எழுதிய பீலிக்ஸ் சால்ட்டன் வியன்னாவின் பத்திரிகையாளர், நாடக விமர்சகர், யூதர். வேட்டையாடும் பழக்கமும் அவருக்கு இருந்தது என்பது விசித்திரம்! நூல் 1923இல் வெளியாயிற்று. பத்தாண்டுகளின் பின் திரைப்பட உரிமையை வெறும் 1,000 டொலருக்கு விற்றார். நாஸி ஜெர்மனி 1936இல் நூலைத் தடைசெய்தது. அவர் 1939இல் சுவிற்சர்லாந்துக்குச் சென்று, 1945இல் சூரிச்சில் இறந்தார். டிஸ்னியின் படம் உலகெங்கும் பேசப்பட்டபோது அவர் அங்கே ஓர் அகதி.

படம் கைவிட்ட இரண்டு விடயங்கள் அந்த நூலில் உண்டு. ஒன்று, கோபோ என்ற மான். பனியில் விழுந்து கிடந்த அதனை மனிதர்கள் தூக்கிச் சென்று வளர்க்கிறார்கள். அது கழுத்தில் பட்டியோடு காட்டுக்குத் திரும்புகிறது. மனிதன் நல்லவன், என்னை அவனுக்குத் தெரியும் என்று பெருமை பேசித் திரிகிறது. மற்றவை பதுங்கும் பட்டப்பகலில் புல்வெளிக்குப் போகிறது. சுடப்படுகிறது. கழுத்துப்பட்டியை அனுமதிப்பத்திரமாக எண்ணிய கோபோக்களை நாம் ஊரிலும் கண்டோம், கொழும்பிலும் கண்டோம். மற்றது, முதிய கலைமான் பம்பியை அழைத்துச்சென்று ஒரு சடலத்தைக் காட்டும் அத்தியாயம். கிடப்பவன் ஒரு மனிதன், கழுத்தில் காயம். அவனையும் இன்னொருவன் சுட்டிருக்கிறான். எல்லாம் வல்லவன் என்று காடே நடுங்கிய ஒருவன் மற்றைய உயிர்களைப் போலவே செத்துக் கிடப்பதை அந்த இளம் மான் நெருங்கி நின்று பார்க்கிறது. அவனுக்கும் முகம் இருக்கிறது, அவனும் சாவான் என்று அது அறிந்துகொள்கிறது.

மான்களின் கண்ணால் சொல்லப்படும் கதை என்பதால் மனிதனைக் காட்ட முடியாது என்ற வாதத்துக்குச் சால்ட்டனின் இந்த அத்தியாயமே போதிய பதில். நூலும் மான்களின் கண்ணால்தான் சொல்லப்படுகிறது. மானின் கண்ணுக்கு மனிதன் தெரிவான்.

ஜக் ஸைப்ஸ் செய்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு 2022இல் வெளிவந்தது. துரத்தப்பட்ட சிறுபான்மையினரின் கதையாகவே அவர் அதனை வாசிக்கிறார். தம்பியின் மகளுக்கு அதில் ஒரு பிரதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அவளுக்கு வாசிக்க முடியாது. பத்து வயதாகும்போது கொடுக்குமாறு தாயிடம் சொல்லிவிட்டு வந்தேன். சடலம் வரும் அத்தியாயத்தை மட்டும் தாண்டிவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.