அசல் என்னும் மூடநம்பிக்கை

கோவை அவினாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததைச் சொன்னபோது இலக்கிய நண்பர் ஒருவர் உதட்டைச் சுழித்தார். "மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்கவேண்டியது பணக்காரர்களின் பொம்மைக் கொலுவையா?" என்றார். இந்த ஏளனத்தோடு எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

2015இல் திறக்கப்பட்ட அந்தச் சேகரிப்பு ஜி.டி. நாயுடுவின் (1893–1974) மரபில் வந்தது. நாயுடு காரில் பிறந்தவர் அல்லர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் சர்வராக வேலைபார்த்துப் பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டியவர் என்பது கொங்குநாட்டில் பலரும் அறிந்த கதை. 1920இல் ஒற்றை பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஆகவே அங்கே நின்றபோது எனக்குப் பணத்தின் நினைவு வரவில்லை, கழற்றிய கைகளின் நினைவுதான் வந்தது.

என் சண்டை வேறிடத்தில் இருக்கிறது. பழைய கார்களை மதிப்பிடும் முறையோடுதான் அது. 1964இல் போண்டியாக் ஜி.டி.ஓ. தொடங்கிவைத்து, 1973 எண்ணெய் நெருக்கடியோடு ஓய்ந்த அமெரிக்க 'மஸில்' கார்களைச் சேகரிப்போர் முதலில் பார்ப்பது எஞ்சின் எண்ணைத்தான். வண்டியோடு பிறந்த எஞ்சினா, இடையில் மாற்றியதா? மாற்றியது என்றால் விலை சரிந்துவிடும். நம் அரசும் இதே வழியில்தான் போகிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் வந்த விதி, சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத அசல் வண்டியைத்தான் பாரம்பரிய வண்டியாக ஏற்கிறது.

அமெரிக்காவில் இது பொருந்தலாம். இங்கே? ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது; 1950களின் நடுவில் வெளியேறியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. உதிரிபாகம் இல்லை. செவர்லேக்களும் டாட்ஜ்களும் அதன்பிறகும் ஓடின என்றால் லேத்தில் கடைந்த பாகங்களால் ஓடின. வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்திய எஞ்சினால் ஓடின. எங்கள் ஊர்ப் பக்கம் பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்த அம்பாசிடரும் அப்படித்தான் ஓடியது. அதன் தயாரிப்பு 2014இல் நின்றது. பட்டறை அண்ணாச்சி காதை வைத்தே வால்வின் கோளாறைச் சொன்னார். அவர் கைபட்ட இடமெல்லாம் இன்றைய கணக்கில் 'குறை'! வண்டியைச் சாகாமல் வைத்திருந்த செயலே அதன் மதிப்பைக் கெடுத்த குற்றம் ஆகிறது. இதைவிட அபத்தம் வேறு உண்டா?

இலக்கிய வாசகருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவேண்டியதில்லை. சங்கப் பாடல் ஒன்றுகூடப் புலவர் கைப்பட எழுதிய ஓலையில் நமக்குக் கிடைக்கவில்லை. செல்லரித்த ஏட்டைப் புது ஏட்டில் படியெடுத்த, பெயர் தெரியாத கைகளால்தான் அவை பிழைத்தன. 'அசல் ஓலை இல்லை, ஆகவே மதிப்பில்லை' என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். அதே நாம், அதே வாதத்தை இரும்பின்மேல் வைக்கும்போது வாய்மூடி இருக்கிறோம்.

நண்பரே, கொலு என்று ஏளனம் செய்வது எளிது. இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மூத்த மெக்கானிக்குகளும் டிங்கர்களும் லேத்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்தக் கைப்பழக்கமும், பட்டறைக்கென்றே இருந்த ஒரு தமிழும் போகின்றன. அவர்களில் ஒருவரிடமாவது உட்கார்ந்து கேட்டு எழுதினோமா? சேகரிப்பாளர் காரையாவது காப்பாற்றினார். எழுதுகிறவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் எதைக் காப்பாற்றினோம்?

ஒவ்வொரு பழைய வண்டியின் பலகையிலும் உற்பத்தி ஆண்டுக்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: இதைப் பழுதுபார்த்தவர் யார், எதை மாற்றினார், எப்படி மாற்றினார். அந்த வரியை எழுதும் பொறுப்பு நம்முடையது.