நுனி நாக்குல நிக்குது சார்!

ஒரு சின்ன விளையாட்டு. பக்கத்துல யாரும் இல்லேன்னா சத்தமாவே ஆடலாம். ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் எண்ணுங்க. ஒரு நம்பர் தமிழ், அடுத்தது இங்கிலீஷ். ஒண்ணு, டூ, மூணு, ஃபோர்... முடிச்சாச்சா? இப்போ 'இருபது, நைன்டீன்'னு தலைகீழா வாங்க. நடுவுல எங்கேயோ ஒரு ஜெர்க் அடிச்சிருக்குமே... இந்த வாரம் அந்த ஜெர்க்கைப் பத்திதான் பேசப் போறோம்.

என் ரூம்மேட்டுக்கு அந்த ஜெர்க் மாக் இன்டர்வியூவுல அடிச்சது. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். 'ஃப்ரீக்வென்சி'ன்னு சொல்ல வேண்டிய இடத்துல பய வாயில 'அதிர்வெண்' வந்து உட்கார்ந்துக்கிச்சு. விஷயம் தெரியும், ஃபார்முலாவும் தெரியும், வார்த்தை மட்டும் வரலை. வெளியே வந்தவன், "பன்னெண்டு வருஷத் தமிழ் மூளையில இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்குடா. நான் ப்ளேஸ்மென்ட்டுக்குப் பேர் கொடுக்கலை"ன்னுட்டான். மேட்டர் சீரியஸ்.

அந்த வாரக் கடைசியில அவனோட ஊருக்குப் போனேன். திருப்புல்லாணி. ராமநாதபுரத்துலேர்ந்து கீழக்கரை ரோட்டுல சுமார் பத்து கிலோமீட்டர். நூத்தியெட்டு திவ்ய தேசங்கள்ல ஒண்ணான ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில் இங்கேதான் இருக்கு. கடல்கிட்ட வழி கேட்டு ராமர் தர்ப்பைப்புல் மேலே படுத்திருந்த இடம்கிறது ஐதீகம். ராமேஸ்வரம் வர்ற வெளி மாநிலக் கூட்டம் இங்கேயும் எட்டிப் பார்த்துட்டு, அப்படியே பக்கத்துல சேதுக்கரை கடல்ல முங்கிட்டுப் போகும்.

அந்தக் கூட்டத்தை நம்பித்தான் அவங்க அம்மாவோட பூ, தேங்காய்க் கடை. அம்மா படிப்பு அஞ்சாம் கிளாஸ். ஒரு வேன் ஆந்திரா கோஷ்டிகிட்ட தெலுங்கு, பின்னாடியே நின்ன பெரியவர்கிட்ட இந்தி, நடுவுல "சில்லறை எடுடா"ன்னு இவன்கிட்ட தமிழ். பாக்கிக் கணக்கு வேற மனசுக்குள்ளேயே ஓடுது. நான் வாயைப் பிளந்து நிக்கிறேன், இவன் சொல்றான், "அதெல்லாம் யாவாரப் பேச்சுடா."

யாவாரப் பேச்சா? சார், உள்ளே நடக்கிற வேலையைக் கொஞ்சம் பாருங்க!

ரெண்டு மொழி தெரிஞ்சவங்க ஒண்ணைப் பேசும்போது இன்னொண்ணு ஸ்விட்ச் ஆஃப் ஆகிடறது இல்லை. ரெண்டுமே முழிச்சுக்கிட்டுதான் இருக்கும். வேண்டாததை மூளை அமுக்கிப் பிடிச்சாகணும். மியூட்டர், ஆல்போர்ட்னு ரெண்டு பேர் 1999-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. திரையில எண் வரும், பின்னணி நிறத்தைப் பார்த்து எந்த மொழியில சொல்றதுன்னு முடிவு பண்ணணும். கிட்டத்தட்ட நம்ம விளையாட்டுதான். ஆச்சரியம் என்னன்னா, குறைவாப் பழகின மொழிக்குத் தாவுறதைவிட தாய்மொழிக்குத் திரும்பி வர்றப்பதான் அதிக நேரம் ஆச்சு. பலசாலியை அமுக்க பலமாத்தானே அழுத்தணும்? கையை எடுத்த பிறகும் அது எழுந்து வர நேரம் எடுக்குதுங்கறது அவங்க விளக்கம்.

இதுக்கு ஒரு விலையும் உண்டு. படத்தைக் காட்டி 'இது என்ன?'ன்னு கேட்டா, ரெண்டு மொழிக்காரங்க பதில் சொல்ல ஒரு துளி லேட் ஆகும். வார்த்தை நுனி நாக்குல நிக்கிற அவஸ்தையும் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. பல ஆய்வுகள்ல பார்த்தாச்சு. ஆக, ரூம்மேட்டோட 'அதிர்வெண்' மக்குத்தனம் இல்லை, வாசல்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல நுழையப் பார்த்த நெரிசல்!

சரி, இந்த மல்லுக்கட்டுக்குப் பலன்? ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில சுவர்ணா அல்லாடி குழு மறதிநோய் வந்த 648 பேரோட விவரங்களை அலசி 2013-ல வெளியிட்டாங்க. ஒரே மொழி பேசினவங்களைவிட ரெண்டு, மூணு மொழி பேசினவங்களுக்கு நோய் தலைகாட்டினது சராசரியா நாலரை வருஷம் தாமதமா. 'படிச்சவங்களா இருப்பாங்க, அதான்'னு நினைக்காதீங்க. பள்ளிக்கூடமே போகாதவங்ககிட்டயும் இதே வித்தியாசம் இருந்துச்சு. தெலுங்கு, உருது, இந்தின்னு தெருவுலயும் கடையிலயும் பிடிச்ச மொழிகள்தான். 2016-ல அதே ஊர்ல பக்கவாதம் வந்த 608 பேரைப் பார்த்தாங்க. அப்புறமும் மூளைத்திறன் நார்மலா இருந்தது பல மொழிக்காரங்கள்ல 40.5 சதவிகிதம், ஒரு மொழிக்காரங்கள்ல 19.6.

உடனே 'நாலு மொழி தெரிஞ்சா கவனம் பிச்சுக்கிட்டுப் போகும்'னு ஃபார்வர்ட் மெசேஜ் தட்டிடாதீங்க. 2020-ல கனடாக்காரங்க 11,041 பேருக்கு ஆன்லைன்ல பன்னெண்டு டெஸ்ட் வெச்சுப் பார்த்ததுல, கவனத்தைக் கட்டுப்படுத்தற விஷயத்துல பல மொழிக்காரங்களுக்குப் பெருசா அட்வான்டேஜ் எதுவும் தெரியலை. ஹைதராபாத்லயும் ரெண்டுக்கு மேலே எத்தனை மொழி சேர்ந்தாலும் கூடுதல் போனஸ் கிடையாது. அரியர் பேப்பரை க்ளியர் பண்ண தெலுங்கு கத்துக்கலாம்னு இருந்தவங்க மன்னிக்கணும். ஆனா, தமிழ் இடத்தை அடைக்குதுன்னு புலம்பறதுக்கு எங்கேயும் ஆதாரம் இல்லை. மூளை ஒண்ணும் ஹாஸ்டல் ரூம் இல்லையே, மூணாவது ஆள் வந்தா கட்டில் பத்தாமப் போறதுக்கு!

இதையெல்லாம் ராத்திரி திண்ணையில உட்கார்ந்து அவன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். அம்மா பூ கட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. "உங்களுக்கு மொழி மாறிப் போனதே இல்லையாம்மா?"ன்னேன்.

"நெதமும்தான் தம்பி. தெலுங்கு ஆளுககிட்ட 'பீஸ் ரூப்யா'ம்பேன். அவுக முழிப்பாக. அப்புறம் 'இரவை'ம்பேன். சிரிச்சுக்கிட்டே காசைக் குடுத்துட்டுப் போவாக. அதுக்காகக் கடையை மூடிட்டா போக முடியும்?"

இவன் ஒண்ணும் பேசலை. பேர் கொடுக்க திங்கட்கிழமை சாயங்காலம்தான் கடைசி. பஸ்ல வர்றப்போ என் தோள்ல தட்டி, "ஃபார்ம் உன்கிட்ட இருக்குல்ல?"ன்னு கேட்டான்.