எழுதப்படும் பரிசோதனைகள்

எமது பாடசாலைகளில் உயிரியற் பரிசோதனைகள் செய்யப்படுவதைக் காட்டிலும் எழுதப்படுவதே அதிகம். "அயடீன் கரைசலை இட்டபோது இலை கருநீல நிறமாக மாறியது" என்னும் வாக்கியத்தைத் தன் கொப்பியில் எழுதாது சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியவர் எவரும் இரார். அந்நிறத்தைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர்? "மாறியது" என்பது இறந்தகால வினைமுற்று. நிகழ்ந்து முடிந்ததைக் கூறுதற்கே மொழி அதனை வைத்திருக்கின்றது. எமது வகுப்பறைகளிலோ இலை நீரிற் கொதிக்கத் தொடங்குமுன்னரே அவ்வினைமுற்றுக் கரும்பலகையில் ஏறிவிடுகின்றது.

கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வினவுவாருளர். விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு நிறுத்திக்கொண்டவர்களே இந்நாட்டிற் பெரும்பான்மையினர். யானும் அவர்களுள் ஒருவன். எம் போன்றோருக்கு ஒளித்தொகுப்பு, சுவாசம், நொதியம் ஆகியன பற்றிய அச்சில பரிசோதனைகளே வாழ்நாளில் யாம் செய்த விஞ்ஞானம் முழுவதும். அங்கே யாம் எதனைக் கற்றோம் என்று கேட்கும் உரிமை எமக்குண்டு.

யான் கற்ற பாடசாலை வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்தது. பத்தாம் வகுப்பில், இலையில் மாப்பொருள் உண்டா என்பதைச் சோதிப்பதற்காக ஆளுக்கோர் இலை கொண்டுவரும்படி ஆசிரியர் கூறினார். நாம் செவ்வரத்தை இலையைப் பறித்துச் சென்றோம். ஒருவன் மாத்திரம், தந்தையின் தோட்டத்திலிருந்து வெங்காயத்தாளொன்றைக் கொண்டுவந்தான். விதிப்படி நீரிற் கொதிக்கவைத்து, நீர்த்தொட்டியில் வைத்த மதுசாரத்திற் பச்சையத்தை அகற்றிக் கழுவி, அயடீனை இட்டான். அயடீனின் கபில நிறமே எஞ்சியது. மீண்டும் செய்தான்; மீண்டும் கபிலம். "நீ பிழையாகச் செய்திருக்கிறாய்" என்றார் ஆசிரியர். அவன் பக்கத்திலிருந்த எனது கொப்பியைப் பார்த்துக் "கருநீலம்" என்று எழுதிச் சரி அடையாளம் பெற்றுக்கொண்டான்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே, விஞ்ஞானபீட நண்பரொருவர் வாயிலாக உண்மையை அறிந்தேன். வெங்காயம் தன் இலையில் மாப்பொருளைச் சேர்த்து வைப்பதில்லை. ஒளித்தொகுப்பின் விளைவை வெல்லமாகவே வைத்துக்கொள்கின்றது. அன்று வகுப்பிற் புதிதாக ஒன்றைக் கண்டவன் அவன் ஒருவனே. அவனைத்தான் யாம் பொய் எழுத வைத்தோம். 'யாம்' என்று வேண்டுமென்றே கூறுகின்றேன். கொப்பியை நீட்டியவன் நான்.

இஃது ஒரு வகுப்பறைக்கு மாத்திரம் உரிய குறையன்று. ஐதரில்லாச் செடியைப் புனலினாற் கவிழ்த்து மூடி வெயிலில் வைத்து, சேரும் வாயுவினுள் தணற்குச்சியைச் செலுத்தினால் அது சுடர்விட்டு எரியும் என்பது பாடம். ஆனால், அக்குழாயிற் சேர்வது தூய ஒட்சிசன் அன்று. நீரிற் கரைந்திருந்த நைதரசனும் அதனோடு வெளியேறிக் கலந்துவிடுகின்றது. ஆதலாற் பல வேளைகளிற் குச்சி சுடர்விடுவதேயில்லை. முளைக்கும் பயறு வெப்பத்தை வெளிவிடுகின்றதெனக் காட்டும் வெப்பக்குடுவைப் பரிசோதனையிலும் இவ்வாறே. கட்டுப்பாடாக வைத்த அவித்த பயறும் சில நாளிற் சூடேறத் தொடங்கும். தொற்றுநீக்கியாற் கழுவாதுவிட்டால் நுண்ணங்கிகள் அதிற் பெருகிச் சுவாசிப்பதே காரணம். சுவாசத்தைக் கற்பிப்பதற்கு இதனினும் நல்ல 'தவறு' கிட்டுமா? ஆயினும் அவ்வெப்பநிலை கொப்பியில் ஏறுவதில்லை.

உமிழ்நீரிலுள்ள அமிலேசு மாப்பொருளைச் சமிபாடடையச் செய்வதைப் பார்க்கும் பரிசோதனையோ இன்னும் வேடிக்கையானது. அறை வெப்பநிலையிலும் 37 பாகை செல்சியசிலும் தாக்கவேகம் பெரிதும் வேறுபடும் என எழுதுகின்றோம். குளிர்நாட்டு அறையில் அது மெய்யே. பங்குனி வெயிலில் எமது வகுப்பறையே 30 பாகையைத் தாண்டி நிற்கும்போது அவ்வேறுபாடு எங்கிருந்து வரும்?

விஞ்ஞான வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது. பிறீஸ்லி 1771இல், மெழுகுதிரி எரிந்து கெட்ட வளியைப் புதினாச் செடி சீராக்குவதைக் கண்டார். பின்னர் மீளச் செய்தபோது அம்முடிவு எப்போதும் கிட்டவில்லை. ஒளி இருந்தாலன்றி அது நிகழாது என்பதை 1779இல் இங்கன்கவுசு காட்டிய பின்னரே அம்முரண்பாடு விளங்கிற்று. 1897இல் புக்னர், மதுவத்தைப் பிழிந்தெடுத்த சாறு பழுதாகாதிருக்க வெல்லம் சேர்த்தபோது, உயிருள்ள கலம் ஒன்றேனும் இன்றியே அது நொதித்துக் குமிழிவிட்டது. நொதிய இயலின் வாயில் அங்கே திறந்தது. எமது வகுப்பிலாயின், "சாறு பழுதடைந்துவிட்டது, ஊற்றிவிடு" என்றிருப்போம்.

உபகரணம் இல்லை, வசதி இல்லை என்பது வழமையான சமாதானம். மதுசாரம் தீப்பற்றும் பொருள், அதனைக் கையாளத் தக்க ஆய்வுகூடம் பல கிராமத்துப் பாடசாலைகளில் இல்லை என்பது மெய். எனினும் உமிழ்நீருக்கும் சோற்றுக் கஞ்சிக்கும் சில துளி அயடீனுக்கும் எந்தத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்? நாற்பது மாணவரின் உமிழ்நீர் நாற்பது வெவ்வேறு நேரங்களைத் தரும். அவ்வேறுபாட்டைக் கரும்பலகையில் நிரற்படுத்துவதற்கு வெண்கட்டி ஒன்றே போதும். நாற்பது பேரையும் முடியாத பாடத்திட்டத்தையும் தனியொருவராய்ச் சுமக்கும் ஆசிரியரைப் பழித்துப் பயனில்லை. பரீட்சை இப்பரிசோதனைகளை எழுத்திலேயே வினவுகின்றது. கருநீலத்துக்கே புள்ளி அளிக்கின்றது. அவர் கருநீலத்தைக் கற்பிக்கின்றார். எதிர்பார்த்த பேறு கிட்டாத ஒரு பரிசோதனையின் அவதானங்களைக் கொடுத்து, காரணம் யாதாகலாம் என வினவும் வினா ஆண்டுக்கொன்றேனும் வருமாயின், அடுத்த தவணையே வகுப்பறை மாறும்.

விஞ்ஞானபீடத்தாரை மாத்திரம் சாடுவதாக எண்ணவேண்டாம். நூலைத் திறவாமலே, திறனாய்வாளர் கண்ட முடிபை எமது முடிபாக எழுதிப் புள்ளி பெறும் கலையிற் கலைப்பீடம் எவருக்கும் பின்னிற்பதன்று. அப்பழக்கத்தை யாம் பெற்றதும் அப்பத்தாம் வகுப்பிலேதான்.

இவ்வேட்டை வாசிப்போருட் பலர் இன்னுஞ் சில ஆண்டுகளில் ஆசிரியராகச் செல்வர். விஞ்ஞானம் கற்பிக்கப் போகும் நண்பர்களிடம் ஒன்று கேட்பேன்: முதற் பாடத்துக்குச் செவ்வரத்தை இலையோடு வெங்காயத்தாளையும் கொண்டு செல்லுங்கள், எது என்ன நிறமாகும் என்பதை முன்கூட்டிச் சொல்லாதிருங்கள்.