கணக்கைத் தொடங்குவோம், உரிமையைக் கைவிடோம்!

உழைப்பாளிக்குச் சிக்கனத்தை உபதேசிக்கும் கூட்டம் இப்போது பெருகிவிட்டது. குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரிடமும், கருங்கலில் முந்திரி உடைக்கும் பெண்ணிடமும், குளச்சலில் வலை இழுக்கிறவரிடமும் சென்று, "மாதம் 210 ரூபாய் போடு, முதுமைக்குக் கவலையில்லை" என்கிறார்கள். இது உண்மையா? கணக்குப் போட்டே பார்ப்போம்.

2015-ல் வந்தது அடல் பென்ஷன் திட்டம். 18 முதல் 40 வயதுவரை சேரலாம். 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால், 60 வயதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் கிடைக்கும். இறந்தால் மனைவிக்கோ கணவருக்கோ அதே பென்ஷன் தொடரும். இது சர்க்கார் உத்தரவாதம். நல்லதுதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 5,000 ரூபாய் 42 ஆண்டுகள் கழித்து வரும் 5,000 ரூபாய்! விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறினால், அன்று அதன் மதிப்பு இன்றைய சுமார் 640 ரூபாய். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் இந்தப் பென்ஷன் அசையாது. இதையா கவலை தீர்க்கும் மருந்து என்கிறார்கள்?

அப்படியானால் கணக்கே வேண்டாமா? நம்மில் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்: "எல்லாம் முதலாளிகளின் மோசடி, கையில் உள்ளதைக் கையிலேயே வை." இதுவும் தவறு, தோழர்களே! கையில் வைத்த காசை விலைவாசி தின்னும். வட்டிக்காரனும் நகைக்கடைச் சீட்டும் மீதியைத் தின்னும். உழைப்பாளி சேமிப்பதைப் பழிப்பது புரட்சியல்ல. அந்தச் சேமிப்பை யார் கொள்ளையடிக்கிறார்கள் என்று காட்டுவதே நம் வேலை.

கொள்ளை எங்கே நடக்கிறது? கமிஷனில். பல ஆயுள் இன்சூரன்ஸ் பாலிசிகளில் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் நாலில் ஒரு பங்கும் அதற்கு மேலும் கமிஷனாகப் போனதுண்டு. மியூச்சுவல் ஃபண்டிலோ, தரகர் வழியாக வாங்கினால் ஆண்டுதோறும் நூற்றுக்கு 2 ரூபாய் அளவுக்குச் செலவு பிடிப்பவை உண்டு. தரகரில்லாத நேரடித் திட்டம் 2013 முதல் இருக்கிறது. ஆனால் தரகர் ஏன் அதைச் சொல்லப் போகிறார்?

2 ரூபாய்தானே என்று எண்ணாதீர்கள். மாதம் 1,000 ரூபாய் வீதம் 30 ஆண்டு போட்டால் மொத்தம் 3,60,000 ரூபாய். செலவுக்கு முன் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வளர்வதாக வைத்துக்கொள்வோம் (இது உதாரணம், உத்தரவாதமல்ல). பத்துக் காசு கட்டணமானால் கையில் சேருவது சுமார் 22 லட்சம். 2 ரூபாய் கட்டணமானால் சுமார் 15 லட்சம். 7 லட்சம் எங்கே போயிற்று? அதை வெட்டிய பால், உடைத்த கொட்டை யாருடையது?

1-5-2009 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட தேசியப் பென்ஷன் அமைப்பில் நிதி நிர்வாகக் கட்டணம் நூற்றுக்குப் பத்துக் காசு அளவில்தான். ஆதார், பான், வங்கிக் கணக்கு இருந்தால் வங்கியிலோ நேரடியாகவோ சேரலாம். 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதுதான் உங்கள் கணக்கு. ஆனால் பணம் பங்குச் சந்தையோடும் கடன் பத்திரத்தோடும் ஏறி இறங்கும், உத்தரவாதம் கிடையாது. 60 வயதில் ஒரு பங்கைக் கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பென்ஷன் வாங்க வேண்டும் என்பதும் பொதுவான விதி. நினைத்தபோதெல்லாம் எடுக்க முடியாத பணம் இது. ஆகவே முதலில் கடனைத் தீர்த்து, சில மாதச் சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டே இதில் போடுங்கள். மழையில் பால் வெட்டு நிற்கும். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் மேற்குக் கடலின் விசைப்படகுகள் கரையேறும். அப்படிப்பட்டவர்கள் அடல் திட்டத்தில் மாதாமாதம் என்றில்லாமல் மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம்.

இதெல்லாம் செய்தபின் பிரச்னை தீர்ந்ததா? இல்லை! தனி மனிதன் சேமிப்பு ஒருபுறம். முதலாளியின் கடமை மறுபுறம். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பதுதான் இந்த உபதேசத்தின் மர்மம்.

பிராவிடண்ட் ஃபண்டின் 1995-ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்தைப் பாருங்கள். பத்தாண்டு வேலை செய்தால்தான் மாதப் பென்ஷன். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2024 வந்தபோதும் அதே 1,000 ரூபாய்தான். பத்தாண்டில் அரிசி விலை ஏறவில்லையா? மருந்து விலை ஏறவில்லையா? ஏறாதது கிழவர்களின் பென்ஷன் மட்டும்!

தென் அமெரிக்காவில் சிலி நாட்டு சர்வாதிகாரி பினோசே 1981-ல் தொழிலாளரின் பென்ஷனைத் தனியார் கம்பெனிகளின் தனிக் கணக்குகளாக மாற்றினார். தமது ராணுவத்தை மட்டும் அதில் சேர்க்கவில்லை! அவ்வளவு நல்ல திட்டமானால் ஏன் விலக்கு? கடைசியில், ஏழை முதியோருக்கு 2008-ல் சர்க்காரே பென்ஷன் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே தோழர்களே, கணக்கைத் தொடங்குங்கள். கட்டணம் எவ்வளவு, கமிஷன் யாருக்கு என்று கேட்டபின் கையெழுத்திடுங்கள். அதே கையால் சங்கச் சந்தாவையும் செலுத்துங்கள். விலைவாசியோடு ஏறும் பென்ஷன், ஒவ்வொரு கூலித் தொழிலாளிக்கும் முதலாளியின் பங்கு! இந்த இரண்டையும் எந்த வங்கியும் கணக்கில் வரவு வைக்காது. போராடித்தான் பெற வேண்டும்!