நூலகத்துக்கு எத்தனை மார்க்?

நோ டியூ ஃபார்மில் நூலகத்தின் கையெழுத்து வாங்கப் போனால் கூடவே இன்னொரு தாளையும் நீட்டுவார்கள். நூலகச் சேவை பற்றி மாணவர் கருத்து. பத்துப் பன்னிரண்டு கேள்விகள், எதிரே மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம் என்று கட்டங்கள். நம்மில் எத்தனை பேர் அதைப் படித்துப் பார்த்து டிக் அடிக்கிறோம்? பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். 'மோசம்' கட்டத்தில் டிக் அடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மேலிருந்து கீழ்வரை 'நன்று' என்று வரிசையாக அடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

இந்தத் தாள்களை எல்லாம் கூட்டி வகுத்து, நூற்றுக்கு இத்தனை பேர் திருப்தி என்று ஒரு எண் அறிக்கையில் ஏறுகிறது. இந்த எண்ணால் யாருக்கு லாபம்? காமர்ஸ் மாணவன் என்பதால் இப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது :-)

என்னைக் கேட்டால், யாருக்கும் லாபம் இல்லை. அதிக நஷ்டம் நூலகத்துக்குத்தான். நூறில் தொண்ணூறு பேர் திருப்தி என்று வைத்துக்கொள்வோம். நூலகர் அடுத்த வருடம் புதுப் புத்தகத்துக்கும் கூடுதல் ஆளுக்கும் பணம் கேட்டுப் போகிறார். "எல்லோரும் திருப்தியாகத்தானே இருக்கிறார்கள், எதற்குப் பணம்?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? நாம் யோசிக்காமல் போட்ட டிக், நமக்குப் பின்னால் வரும் ஜூனியர்களின் புத்தகத்தில் கை வைக்கிறது.

சரி, திருப்தியை அளக்கவே முடியாதா? முடியும். சர்வீசஸ் மார்க்கெட்டிங் படித்தவர்களுக்குப் பரசுராமன் பெயர் தெரிந்திருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவரும் ஜைதாம்ல், பெர்ரி ஆகிய இருவரும் சேர்ந்து 1985ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சேவையின் தரம் என்பது வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் அவருக்குக் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி என்பதுதான் அதன் சாரம். 1988ல் அதையே 22 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலாக்கினார்கள். அதுதான் செர்வ்குவால்.

1985ல் மூவரும் வேலை பார்த்தது அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் நூலகம், வங்கிக்கும் ரிப்பேர் கடைக்கும் பொருந்துகிற அளவுகோல் நமக்குப் பொருந்தாதா என்று 1990களில் அதைத் தன் வாசகர்களிடம் பயன்படுத்திப் பார்த்தது. அந்த அனுபவத்திலிருந்து, அங்குள்ள ஆய்வு நூலகங்களின் சங்கத்தோடு சேர்ந்து 2000ல் உருவாக்கியதுதான் லிப்குவால்.

இதிலும் 22 கேள்விகள்தான். ஊழியர்கள் நம்மை நடத்தும் விதம், வேண்டிய தகவலை நாமே தேடி எடுக்க முடிகிறதா, உட்கார்ந்து படிக்க ஏற்ற இடமா என்று மூன்று பிரிவுகள். வித்தியாசம் என்னவென்றால், ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண் போட வேண்டும். குறைந்தபட்சம் எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்வீர்கள், எவ்வளவு இருக்க ஆசைப்படுகிறீர்கள், உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது.

எதற்கு மூன்று? ஒரு சின்னக் கணக்கு. நூலகமே இல்லாத பள்ளியிலிருந்து வந்த ஒரு மாணவி. அவளுக்குக் குறைந்தபட்சம் 2, ஆசை 5. நல்ல நூலகத்தில் பழகிய இன்னொரு மாணவன். அவனுக்குக் குறைந்தபட்சம் 6, ஆசை 9. கிடைப்பது எவ்வளவு என்று கேட்டால் இருவருமே 5 போடுகிறார்கள். சராசரியும் 5. ஆனால் அவளுக்கு ஆசைப்பட்டது முழுவதும் கிடைத்துவிட்டது. அவனுக்கோ குறைந்தபட்சத்திலேயே 1 குறைகிறது. நம் ஊர் படிவத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஆனால் லிப்குவாலோடும் விஷயம் முடியவில்லை. அந்த மாணவி திருப்தியாக இருக்கிறாள், சரி. அவளுக்கு அதிகம் கேட்கத் தெரியவில்லை என்பதற்காகக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிடலாமா? வீட்டிலேயே முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர்கள் நம் வகுப்புகளில் நிறைய. ஏ.சி. இருந்தாலே 'மிக நன்று' போட்டுவிடுவோம். ஆகவே மனதை அளப்பதோடு, கிடைத்ததா இல்லையா என்பதையும் தனியாக அளக்க வேண்டும்.

நம் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வாட், சேவை வரி பற்றிய பாடப்புத்தகங்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ல் புதுச் சட்டம் இயற்றினார்கள், பிரிவு எண்கள் எல்லாம் மாறின. பழைய புத்தகங்களையும் சேர்த்து 'இத்தனை ஆயிரம் நூல்கள்' என்று போர்டு வைப்பதில் என்ன பயன்?

ஒரு புத்தகத்தைத் தேடிப் போகிறவருக்கு அது கிடைக்க நான்கு படிகள் தாண்ட வேண்டும். நூலகம் அதை வாங்கியிருக்க வேண்டும். வேறு யாரும் எடுத்துப் போயிருக்கக் கூடாது. அலமாரியில் அதன் இடத்தில் இருக்க வேண்டும். தேடுகிறவருக்குக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு படியிலும் 100க்கு 80 பேர் தாண்டுகிறார்கள் என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல மார்க்தான். ஆனால் 100 என்பது 80, 64, 51 என்று இறங்கி, கடைசியில் புத்தகத்தோடு வெளியே வருபவர்கள் 41 பேர்தான்!

எந்தப் படியில் சறுக்குகிறது என்று தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும். முதல் படி என்றால் புத்தகம் வாங்க வேண்டும். இரண்டாவது என்றால் கூடுதல் பிரதிகள். மூன்றாவது என்றால் அடுக்கி வைக்க ஆள். நான்காவது என்றால் முதல் வருடத்திலேயே தேடச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'திருப்தி 90' என்ற எண் இதில் எதையும் சொல்லாது.

இன்னொரு ஓட்டை, நூலகத்துக்கு வருபவர்களிடம் மட்டுமே கேட்பது. ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு, விலைப் பட்டியலைப் பார்த்ததும் திரும்பிப் போனவரை விட்டுவிடுவது மாதிரி. நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய டே ஸ்காலருக்கு, ஐந்து மணி வரை திறந்திருக்கும் நூலகத்தால் என்ன பிரயோஜனம்? அவரை யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் அமெரிக்காவுக்குத்தான் சரி என்று சொல்பவர்களுக்கு ஒன்று. 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் ஒரு கணக்கு வாத்தியார். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931ல் இங்கேதான் புத்தகமாக வந்தன. அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. நேரத்தை அளக்க ஒரு கடிகாரம் போதும். கேட்டதிலிருந்து கைக்கு வரும்வரை எத்தனை நிமிடம்?

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுபவை:

1. கருத்துப் படிவத்தை நோ டியூவோடு சேர்க்காதீர்கள். பெயர், பதிவு எண் கேட்காதீர்கள்.

2. வகுப்பறையில் கொடுங்கள். நூலகத்துக்கே வராதவரும் எழுதட்டும், ஏன் வரவில்லை என்பதையும்.

3. வருடத்தில் ஒரு வாரம், தேடி வந்த புத்தகம் கிடைத்ததா, இல்லையென்றால் எந்தப் படியில் நின்றது என்று வாசலில் ஒரு சீட்டில் குறித்து வாங்குங்கள்.

4. முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், அதை வைத்து என்ன மாற்றினோம் என்பதோடு. பலன் தெரிந்தால்தான் அடுத்த வருடம் யாரும் ஒழுங்காக எழுதுவார்கள்.

இதில் குறை சொல்வது நூலக ஊழியர்களை அல்ல. அலமாரிக்கும் கவுண்டருக்கும் ஒரே ஆள் ஓடிக்கொண்டிருந்தால் அவர் மட்டும் என்ன செய்வார்? உண்மையான எண்தான் அவருக்கும் துணை.

இதெல்லாம் மாறும்வரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. தாளின் கடைசியில் 'பிற கருத்துகள்' என்று இரண்டு வரி காலியாக விட்டிருப்பார்கள். அதில் 'நன்றி' என்று எழுதாமல், தேடியும் கிடைக்காத புத்தகத்தின் பெயரையும் பதிப்பு வருடத்தையும் எழுதுங்கள். கட்டங்களில் போடும் பத்து டிக்கை விட நூலகருக்கு அதுதான் உதவும்.